பின் சீட்டைக் கழற்றிய ஜி.எஸ்.எம். அண்ணன்

எடையை இந்த அளவுக்கு வெறுத்த மனிதர் திருப்பூரில் மட்டுமல்ல, பூமியிலேயே வேறு யாரும் இருந்திருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மாப்பிள்ளை பெயரைப் படிக்க மாட்டார். உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "முன்னூறு ஜி.எஸ்.எம். வருமுங்க. இதுல பாதிக் கனத்துல அடிச்சிருந்தாலும் கல்யாணம் நடக்குமுங்க" என்பார்.

ஒரு சதுர மீட்டர் பனியன் துணி எத்தனை கிராம் நிற்கிறது என்பதுதான் ஜி.எஸ்.எம். எங்கள் ஊரில் பால்காரருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அண்ணன் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களுக்கு ஃபிட்டர். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்கு மட்டுமே தெரிந்திருந்தது. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக இருந்த லைன் வீடுகளில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது. மனைவி குன்னத்தூரில் அம்மா வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. யாராவது கேட்டால், "அவ பாரத்தைக் கொறைச்சுக்கிட்டாளுங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். சிரிப்பதா வேண்டாமா என்று கேட்டவர்தான் திண்டாட வேண்டும்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, உடனே பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். எழுதலாமா கூடாதா என்று பல தடவை யோசித்தேன். இப்போதும் முழுதாக முடிவு செய்யவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பாப்பாவுக்கு ஒரு வயது ஆனபோது முதன்முதலாக ஜன்னி வந்தது. காய்ச்சல் ஏறியது, கண் மேலே சொருகியது, கையும் காலும் வெட்டி இழுத்தன. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. "பயப்பட வேண்டாம். பல குழந்தைகளுக்கு வரும், வளர வளரப் போய்விடும். ஆனால் நிற்காமல் இழுத்தால் இங்கே வைத்துக்கொண்டிருக்காதீர்கள், கோயம்புத்தூருக்குக் கொண்டு போய்விடுங்கள்" என்றார் டாக்டர். அவர் சொன்னதில் முதல் பாதி என் காதில் விழவே இல்லை. நின்றது ஒன்றுதான்: கோயம்புத்தூர். அன்றிலிருந்து தெர்மாமீட்டர் என் இடுப்பிலேயே இருந்தது. எங்களிடம் இருந்த வாகனமோ ஒரு பழைய ஸ்கூட்டர்.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது. என் கணவர் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் போக வேண்டிய சாம்பிள்களைக் கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சேர்ப்பது அவர் பொறுப்பு. அந்த ஓட்டத்துக்கென்று முதலாளி தன் பழைய காரைக் கொடுத்தார். எண்பதுகளில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் கார், வெயிலில் வெளுத்த சிவப்பு. கம்பெனி நினைத்தது சாம்பிளை. நான் நினைத்தது பாப்பாவை. கார் வாசலில் நின்ற முதல் ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் அது களைத்துப்போன கார். மேட்டில் லாரிக்குப் பின்னால் தவழும். ஊர் மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்து கார்புரேட்டரைத் தேடுவார்கள், அது இல்லை என்றதும் பானெட்டை மரியாதையாக மூடிவிடுவார்கள். அது பெட்ரோலை ஊசி போடுவதுபோல எஞ்சினுக்குள் பீய்ச்சும் வண்டி. எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்யும். சாமான் பம்பாயிலிருந்து வர வேண்டும், அதற்குக் கம்பெனி செலவு செய்யாது.

"ஏனுங்க தம்பி, இதுக்கு எதுக்குங்க பம்பாய்?" என்றார் எதிர் வீட்டிலிருந்து ஜி.எஸ்.எம். அண்ணன். "டர்போன்னு ஒண்ணு இருக்குதாமுங்க, காத்தை அமுக்கி உள்ள தள்ளுமாம். அது பணக்கார வண்டிக்கு. நம்முளுது தானா மூச்சு இழுக்கற வண்டிங்க. மூக்கைத் தொறந்து உடோணும், முதுகுல இருக்கறதை எறக்கோணும். அத்தனைதானுங்க வைத்தியம்."

வைத்தியம் முதுகிலிருந்து தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் சீட்டைக் கழற்றினார். அடுத்து தரை விரிப்பு, கதவின் உள்பக்க அட்டை, ஜாக்கி, பின்னால் இருந்த ஸ்பீக்கர், கடைசியாக ஆஷ்ட்ரே. எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவின் கணவருடைய குடோனுக்கு எடுத்துப் போனார். பாய், பனியன் வெட்டியதில் மிஞ்சும் துண்டுத் துணியான கட்டிங் வேஸ்ட் வியாபாரி, அவரிடம் பெரிய தராசு இருந்தது. அண்ணன் ஒவ்வொரு சாமானாக நிறுத்துப் பார்த்து முகம் மலர்ந்துகொண்டே போனார். பாய் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அண்ணே, இதை வெள்ளை வேஸ்ட்ல சேத்தறதா, கலர் வேஸ்ட்ல சேத்தறதா?" என்று கேட்டார்.

ஸ்டெப்னி டயரையும் இறக்கியபோதுதான் நான் குறுக்கே போனேன்.

"அது இருக்கட்டுங்கண்ணா. வழியில டயர் போச்சுன்னா என்ன பண்றது?"

"பதிமூணு கிலோங்க அம்மிணி."

"பாப்பாவே பதினோரு கிலோதானுங்க இருக்கறா."

"அதைத்தான் நானும் சொல்றனுங்க. பாப்பா ஏறோணும்னா ஸ்டெப்னி எறங்கோணும்."

ஸ்டெப்னி எங்கள் சமையலறை மூலைக்கு வந்து சேர்ந்தது.

அடுத்து மூக்கு. எஞ்சின் தன்னுடைய சூட்டுக் காற்றையே இழுத்துக்கொண்டிருக்கிறது, அதுதான் சோம்பேறித்தனத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்தார். துணிக்குச் சாயம் ஏற்றும் ஒரு டையிங் பட்டறையில் மிச்சமான பிளாஸ்டிக் குழாயை வளைத்து, முன் பம்பருக்குக் கீழே வாய் வருகிற மாதிரி பொருத்தினார். ரோட்டுக் காற்று குளிர்ந்த காற்றாம். காரோடு வந்த ஃபில்டர் காகிதம், அது காற்றைத் தடுக்கிறதாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிட்டிங் மெஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய பனியன் துணியை ஒரு கம்பி வளையத்தில் இழுத்துக் கட்டினார்.

"பின்னல் துணிக்குக் கண்ணு உண்டுங்க. காத்து போகும், தூசி நிக்கும். நூத்தி நாப்பது ஜி.எஸ்.எம். எடுத்திருக்கறேன்."

"தண்ணியில அலசாத துணிங்களா?"

"அலசுனா கண்ணு சுருங்கிக்குமுங்க" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல. துணி சுருங்குவதைப் பற்றி அவரிடம் யாரும் பேச முடியாது. சரியாகப் பதம் பண்ணாத துணியைத் தைத்து அனுப்பும் கம்பெனிகளை, "மொதல் தண்ணியிலயே பனியன் தொப்புளுக்கு மேல ஏறிக்கும், அப்பறம் வெள்ளைக்காரன் ஏறுவான்" என்று கிழிப்பார். நான் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

மூன்றாவதாக அவர் செய்ததுதான் உச்சம். உள்ளே போகிற காற்று சூடா குளிரா என்று அந்தப் பெட்டிக்குச் சொல்ல ஒரு ஒயர் உண்டாம். ரேடியோ கடையில் அரிசி மணி அளவு ஒரு சாமான் வாங்கி அந்த ஒயரில் வைத்துப் பற்றவைத்தார். இனி எப்போதும் குளிர் காற்று வருகிறது என்றே பெட்டி நம்பும், பெட்ரோலைத் தாராளமாக ஊற்றும்.

"வண்டி அவிநாசியில நிக்குமுங்க. ஆனா பொட்டிக்கு ஊட்டியில இருக்கறதா நெனப்பு."

"அதுக்கு நெசம் தெரிஞ்சு போச்சுன்னா?"

"அது கம்ப்யூட்டருங்க அம்மிணி, சந்தேகப்படத் தெரியாது. சந்தேகத்துக்குத்தான் நீங்க இருக்கறீங்களே."

கடைசியில் சைலன்ஸரின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருந்த தடுப்புகளை எடுத்தார். அதன் பிறகு வண்டி கிளம்பினால் காம்பவுண்டில் பால் பொங்குவது நின்றுவிடும் என்று மும்தாஜ் அக்கா சொல்வார். ஆனால் பறந்தது. சேவூர் ரோட்டில் அண்ணனும் என் கணவரும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது இருவருடைய தலைமுடியும் பின்னால் போயிருந்தது. "பஸ் நிக்கற மாதிரி இருக்குது" என்றார் என் கணவர். "பஸ் ஸ்டாப்புல நின்னிருக்கும்" என்று நான் சொன்னேன். ஆனாலும் மனதுக்குள் கோயம்புத்தூர் கொஞ்சம் பக்கத்தில் வந்தது உண்மை.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் என் கணவர் சாம்பிளோடு சென்னைக்கு ரயிலில் போயிருந்தார். பாப்பாவுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. காலையிலிருந்து காய்ச்சல். மருந்து கொடுத்தேன், ஈரத்துணியால் துடைத்தேன். மத்தியானம் இழுக்க ஆரம்பித்தது. மும்தாஜ் அக்காவும் நானும் தெருமுனை நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டதும் நின்றது. நான் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் தொடங்கிவிட்டது. ஊசிக்கு மேல் ஊசி போட முடியாது என்றார் டாக்டர். ஒரு சீட்டில் எழுதி என் கையில் திணித்து, "கெளம்புங்க. ஆம்புலன்ஸ் ஈரோட்டுக்குப் போயிருக்கு, அதுக்காகக் காத்திருக்காதீங்க" என்றார்.

வெளியே வந்தால் காம்பவுண்டே அதிரும் அந்தச் சத்தம். அண்ணன் காரை நர்சிங் ஹோம் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியாது. திறந்து கிடந்த வீட்டைப் பார்க்க மும்தாஜ் அக்கா நின்றுகொண்டார்.

பின் சீட் இருந்த இடத்தில் வெறும் தகரம். அதில் ரிஜெக்ட் பனியன் மூட்டையைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து பாப்பாவை ஒருக்களித்துக் கிடத்தினேன். சீட் இருந்திருந்தால் அவளை அப்படிக் கிடத்தி, உருளாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடித்துக்கொள்ள இடம் இருந்திருக்காது. இதை அவருக்குச் சாதகமாகச் சொல்கிறேன். சாதகமாகச் சொல்ல இருப்பதை எல்லாம் முதலில் சொல்லிவிட வேண்டும்.

"அம்மிணி, நீங்க பாப்பாவைப் பாருங்க. ரோட்டைப் பாக்காதீங்க" என்றார்.

அவிநாசி வரைக்கும் அந்தக் கார் ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். வாழ்நாளெல்லாம் "மெதுவா போங்க" என்று சொல்லியே பழகிய என் வாய் அன்று திறக்கவில்லை. ஒவ்வொரு பஸ்ஸும் பின்னால் போகப் போக எனக்கு ஒரு கேவலமான சந்தோஷம். பாப்பாவின் விரல்கள் என் கைக்குள் வெட்டிக்கொண்டே இருந்தன. கடைவாயில் நுரையைத் துடைத்தேன், திரும்பவும் துடைத்தேன்.

அவிநாசி தாண்டியதும் மழை பிடித்தது. ஐப்பசி மழை, கண்ணாடிக்கு முன்னால் சேலையை விரித்த மாதிரி. ரோட்டில் தண்ணீர் ஓடியது. கார் ஒரு பள்ளத்துத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஏறியது. கொஞ்ச தூரம் போனதும் இருமியது. மூச்சுத் திணறுகிற மாதிரி இழுத்து இழுத்துப் போய், ஒரு புளியமரத்தடியில் நின்றுவிட்டது.

அவர் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். எனக்கு மழைச் சத்தமும் பாப்பாவின் தொண்டைச் சத்தமும் மட்டும் கேட்டன. "அண்ணா" என்று கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன்.

வந்தார். கையில் அந்தக் கம்பி வளையம். பம்பருக்குக் கீழே வைத்த குழாய் ரோட்டுத் தண்ணீரைக் குடித்து, அலசாத துணியை நனைத்துவிட்டது. நனைந்த துணி இறுகி, தோல் மாதிரி ஆகியிருந்தது. ஒரு ஊசி முனைக் காற்றுகூட அதற்குள் போகாது.

"சுருங்கிப்போச்சுங்க" என்றார்.

பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் ஒரு பீஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு "ரிஜெக்ட்" என்று சொல்வார்களே, அந்தக் குரல். வேறு சமயமாக இருந்திருந்தால் நான் சிரித்துச் செத்திருப்பேன். ஊருக்கெல்லாம் சுருக்கத்தைப் பற்றிப் பாடம் எடுத்த மனிதர், தண்ணீர் சொட்டச் சொட்ட அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பல்லால் கடித்து அந்தத் துணியைக் கிழித்து எறிந்தார்.

சாவியைத் திருகினார். எடுக்கவில்லை. திருகினார். எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, "சாமி, சாமி" என்றார். அது கடவுளையா, காரையா, என் பாப்பாவையா, தெரியவில்லை. ரோட்டில் இறங்கி லாரியை மறிக்கலாம் என்று நான் பாப்பாவைத் தூக்கியபோது எஞ்சின் பிடித்தது. ஃபில்டரே இல்லாமல், வழியிலிருந்த சேற்றையும் காற்றையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, ஊளையிட்டபடி அது கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தது.

பாப்பா பிழைத்தாள். ஆனால் அங்கிருந்த டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம்" என்றார். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தையாக இருக்கலாம். என்னிடம் சொன்னார். இடது கை மெதுவாகத்தான் வந்தது. அதற்கு முன் பேசிக்கொண்டிருந்த நாலைந்து வார்த்தைகளும் போய்விட்டன. பேச்சு திரும்புமா என்று கேட்டதற்கு, "பார்ப்போம்" என்றார்கள்.

இதில்தான் என் மனது செக்குமாடு மாதிரி சுற்றுகிறது. அவர் கை வைக்காத பழைய கார், லாரிக்குப் பின்னால் தவழ்ந்துகொண்டே போயிருந்தால், மழையில் நிற்காமல் எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்குமா? இல்லை, அவிநாசிக்கே அப்போதுதான் வந்திருக்குமா? புளியமரத்தடியில் போன நேரம் அதிகமா, அதுவரை அவர் மிச்சப்படுத்திய நேரம் அதிகமா? பாத்திரம் தேய்க்கும்போது ஒரு விடை வரும், துணி காயப் போடும்போது வேறு விடை வரும்.

என் கணவர் அவரைத் திட்டவில்லை. "எல்லாத்தையும் பழையபடி மாட்டிருங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். அண்ணன் மாட்டினார். சீட்டு, விரிப்பு, கதவு அட்டை, ஜாக்கி, ஸ்பீக்கர், எங்கள் சமையலறையிலிருந்த ஸ்டெப்னி. ஆஷ்ட்ரேயைத் துடைத்து மாட்டினார். பழைய சாமான் கடையில் ஏதோ ஒரு ஃபில்டர் வாங்கி வைத்தார். ஊட்டியில் இருந்த பெட்டியை அவிநாசிக்கு இறக்கினார். கார் மறுபடியும் களைப்பாகத் தவழ்ந்தது. அதற்கப்புறம் யாருடைய வண்டியையும் அவர் தொடவில்லை.

நானும் அவரோடு பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. வாய் திறந்தால் என்ன வருமோ என்ற பயம். தினமும் காலையில் குழாயடியில் அவர் கேட்பார், "பாப்பா பேசுதுங்களா அம்மிணி?" நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மறுநாளும் கேட்பார். "இந்த மனுசனுக்கு வெக்கமே இல்லையா" என்று ஒரு நாள் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் கேட்காமல் விட்ட ஒரு நாளில் அதைவிட ஆத்திரம் வந்தது.

கோயம்புத்தூரில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா, "உதட்டை ஒட்டி வைத்து வண்டி ஓட்டுகிற மாதிரி சத்தம் எழுப்பிக் காட்டுங்கள், குழந்தை பார்த்துச் செய்யட்டும்" என்றார். நான் வாசலில் பாப்பாவை உட்கார வைத்து ப்ர்ர் என்று முயற்சி செய்தேன். எனக்கு எச்சில்தான் தெறித்தது. மொபெட்கூட ஓடவில்லை. பாப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

எதிர் வீட்டுக் கதவிலிருந்து குரல் வந்தது. "தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மிணி. அது மிஸ்ஸிங் அடிக்குதுங்க, எஞ்சின் உட்டு உட்டுத்தான் புடிக்குது."

இரண்டு மாதங்களுக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் அழுகையும் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல் நேராக வந்து பாப்பாவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, இது சைலன்ஸர் வெச்ச வண்டி." ஒரு ப்ர்ர். "இது சைலன்ஸர் இல்லாத வண்டி." காம்பவுண்டு அதிர்ந்தது. "இது லோடு லாரி, மேட்டுல ஏறுது." கன்னம் இரண்டும் ஆடின. "இது நனைஞ்ச…" என்று தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு மறுபடியும் லாரியிலிருந்து ஆரம்பித்தார்.

தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து வண்டி ஓட்டினார். ஐம்பது வயது மனிதர், உதட்டில் எச்சில் தெறிக்க. மும்தாஜ் அக்கா, "கார்ல உட்ட சத்தம் பத்தாதுன்னு வாயிலயும் ஆரம்பிச்சுட்டீங்களாண்ணா?" என்பார். "இதுல பெட்ரோல் செலவு இல்லீங்க" என்பார் அவர். மாசி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் பாப்பா உதட்டை ஒட்டினாள். மெலிசாக ஒரு ப்ர். அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். "ஸ்டார்ட் ஆயிருச்சுங்க" என்று என்னிடம் சொன்னார். "அம்மா" அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது.

அடுத்த வருஷம் நிட்டிங் பட்டறையில் வேலை குறைந்து, அவர் ஒரு டையிங் பட்டறைக்கு பம்ப் ரிப்பேர் வேலைக்குப் போனார். சாயக் கழிவுத் தொட்டிக்குள் மோட்டார் அடைத்துக்கொண்டது என்று இறங்கியிருக்கிறார். உள்ளே விஷக் காற்று. மேலே இழுத்துப் போட்டபோது உயிர் இல்லை. எந்த எஞ்சினுக்கும் காற்று போதவில்லை என்று சண்டை போட்டவருக்கு, அந்தத் தொட்டிக்குள் ஒரு மூச்சுக் காற்று இல்லாமல் போய்விட்டது. குன்னத்தூரிலிருந்து அவர் மனைவி வந்தார். காரியம் முடியும்வரை இருந்தார். கிளம்பும்போது, "அந்த மனுசன் உங்க பாப்பாவைப் பத்தியே எழுதுவாருங்க எனக்கு" என்றார். அவர் கடிதம் எழுதுவார் என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இடது கையால் ஜடை பின்னிக்கொள்ள முடியாது, நான் பின்னிவிடுகிறேன். பேச்சு கொஞ்சம் நிதானம், ஆனால் நிறுத்தமாட்டாள். இனி ஜன்னி வராது, வந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொல்கிறார். நான் வழக்கம்போல முதல் பாதியைக் கேட்பதில்லை.

எதிர் வீட்டில் யார் யாரோ குடிவந்து போய்விட்டார்கள். பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும், தெர்மாமீட்டரை எடுப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது அந்தக் கதவைத்தான், திறந்திருக்கிறதா என்று.